முத்திரை உடையாத் திருமுகங்கள்

பண்டித வகுப்பிலே உடன்போக்குத் துறையை விளக்கிக்கொண்டிருந்தேன். தலைவனும் தலைவியும் சுற்றத்தார் அறியாது சுரங் கடந்து போகின்றார்கள். செவிலி பின்தொடர்ந்து தேடுகின்றாள். நற்றாய் மனையிலிருந்து இரங்குகின்றாள். அப்பொழுது மாணவியொருத்தி எழுந்து, “ஐயா, தலைவியின் தகப்பனார் என்ன சொன்னார்?” என்று கேட்டாள். அகப்பாட்டிலே தந்தை நேரே பேசுவதில்லை. அவர் கருத்தைப் பிறர் கூற்றாலும் குறிப்பாலும் உணர்தலே மரபு என்று விடையிறுத்தேன். விடை பிழையன்று. எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னை விட்டபாடில்லை. பேசாத தந்தையொருவரை நான் வேறோரிடத்திற் படித்திருந்தேன். அவர் தமிழரல்லர், ஆங்கிலேயர். அவர் மகளும் மருமகனும் ஆங்கில இலக்கியத்திலே பெயர் நாட்டிய புலவர்கள். அம்மாணவிக்குச் சொல்லக் கருதியதையே ஈண்டு எழுதுகின்றேன்.

இலண்டன் நகரிலே விம்போல் வீதி 50ஆம் இலக்க வீட்டில் வாழ்ந்தவர் பரெற் என்னும் செல்வர். யமேக்காத் தீவில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த கரும்பே அக்குடும்பத்தின் செல்வம். பன்னிரு மக்களைப் பெற்றும், அவர்களுள் ஒருவரேனும் மணஞ்செய்தலைப் பொறாதவர் அவர். மனைவியார் 1828இல் இறந்துபோனார். ஆகவே பின்னாளிற் புலம்புதற்கு அவ்வீட்டிலே நற்றாயும் இல்லை. மூத்த மகள் எலிசபெத் நோயாளி; அறையை விட்டு அரிதாகவே வெளிவருபவர். ஆனால் அவர் பாடல்கள் நாடெங்கும் பேசப்பட்டன. அவரினும் ஆறு வயது இளையவரும், அந்நாளில் அத்துணைப் புகழ் பெறாதவருமாகிய றொபேட் பிறவுணிங், அப்பாடல்களை வியந்து 1845 சனவரியில் ஒரு கடிதம் எழுதினார். அடுத்த இருபது மாதங்களில் இருவருக்குமிடையே சென்ற கடிதங்கள் 574. 1846 செப்ரெம்பர் 12இல் மேரிலிபோன் தேவாலயத்திலே மறைவாக மணம் நிகழ்ந்தது. மணமகள் அன்றே தந்தை வீடு மீண்டு, ஒன்றும் நடவாதது போல ஒரு கிழமை இருந்தார். பின்னர் ஒருநாள் வில்சன் என்னும் பணிப்பெண்ணையும் பிளஷ் என்னும் நாயையும் அழைத்துக்கொண்டு கணவரோடு புறப்பட்டுவிட்டார். நாயையும் உடன்கொண்டு சுரஞ் சென்ற தலைவியை நம் புலவர் எவரும் பாடியதாக நான் அறியேன்.

அவர்களுக்குச் சுரமாக அமைந்தது பிரான்சு தேசம். கடலைக் கடந்து லே ஆவர் துறையில் இறங்கிப் பாரிசு சென்று, ஓர்லியன்சு, லியோன், அவிஞ்ஞோன் என்னும் நகரங்கள் வழியாகத் தெற்கு நோக்கிச் சென்றனர். வழியிலே வோக்குளூசு என்னுமிடத்தில் ஒரு நீரூற்று உண்டு. இத்தாலியப் பெரும்புலவர் பெத்திராக்கு வாழ்ந்து பாடிய இடம் அது. அங்கே பிறவுணிங் மனைவியைத் தூக்கிக்கொண்டு நீரைக் கடந்து, நடுவேயிருந்த பாறையில் அமர்த்தினார். நாயும் நீரிற் பாய்ந்து பின்சென்றது. சில கிழமைகளுக்கு முன் மாடிப்படி இறங்கவே அஞ்சியவர் அப்பெண்மணி என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். மார்செயில்சிலே கப்பலேறி இத்தாலியை அடைந்து, பீசா நகரிற் சாய்ந்த கோபுரத்துக்கு அணித்தாகச் சில அறைகளை வாடகைக்குப் பெற்றனர். உணவு அயலிலிருந்த உணவுச்சாலையிலிருந்து வந்தது. அந்தக் குளிர்காலத்திலே, சமையற் கவலையற்ற அப்புதிய மனையிலிருந்து, எலிசபெத் எழுதிய பாடல் எதனைப் பற்றியது? எசமானிடமிருந்து தப்பியோடிய அடிமைப் பெண்ணொருத்தியைப் பற்றியது. தந்தையின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை மகள் மறந்தாரல்லர்.

1847இல் புளோரன்சு நகருக்கு வந்தனர். பிற்றி மாளிகைக்கு அண்மையில், காசா குயீதி என்னும் பழைய பிரபுமனையின் மேல்மாடியே 1861 வரை அவர்களுக்கு வீடாயிற்று. தளவாடம் இல்லாத அவ்வீட்டுக்கு ஆண்டு வாடகை 25 கினி. கணவருக்கு வருமானம் இல்லை. மனைவியின் முதலிலிருந்து வரும் வட்டியே ஆதாரம். கடன் என்றாற் பிறவுணிங்குக்கு நஞ்சு. ஆகவே தளவாடங்களைத் தாமே சிறுகச்சிறுக வாங்கி இட்டு, வெளியூர் செல்லுங் காலத்தில் வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்கிட்டனர். ஐரோப்பாவைச் சுற்றிய பெருஞ்செல்வர்களென்று இவர்களை நினைப்பது தவறு. நுரையீரலுக்கு வெப்பமும் பணப்பைக்கு மலிவும் வேண்டியே இத்தாலியிற் குடியிருந்தனர்.

கோடையிலே ஆர்ணோ ஆற்றுப் பள்ளத்தாக்கு கொதிக்கும், மலைக்கு ஓடவேண்டும். முதலாங் கோடையில் மில்ரன் தம் காப்பியத்திற் பெயர் கூறிய வலம்புரோசா மடத்துக்குச் சென்றனர். எலிசபெத்தையும் வில்சனையும் சில்லில்லாத கூடைகளில் ஏற்றி எருதுகள் மலைமேல் இழுத்துச் சென்றன. இரண்டு மாதம் தங்கும் ஆசையோடு போனவர்களைப் பெண்வாடை பொறாத மடாதிபதி ஐந்து நாளிலே கீழே அனுப்பிவிட்டார். 1849 மார்ச்சில், எலிசபெத்தின் 43ஆம் வயதில், மகன் பிறந்தான். அடுத்த சில நாட்களிலே பிறவுணிங்கின் தாயார் இலண்டனில் இறந்தார். துயரத்தாற் சோர்ந்த கணவரை எலிசபெத்தே அக்கோடையில் பாஞி டி லூக்கா என்னும் மலையூருக்குக் கொண்டுசென்றார். கழுதைமேலேறிக் குன்றுகளைச் சுற்றினார். மணத்துக்கு முன் கணவரை எண்ணி மறைவாகப் பாடி வைத்திருந்த 44 பாடல்களை அங்கேதான் அவருக்குக் காட்டினார் என்று பிறவுணிங் பின்னாளிற் கூறினார். மொழிபெயர்ப்புப் போலத் தோன்றும் தலைப்போடு அவை 1850இல் அச்சேறின. தம் காதலைப் போர்த்துக்கேயர் தலையிற் சுமத்திய இந்நாணம் எனக்குப் பிடித்திருக்கின்றது. தலைவியின் பெயர் சுட்டாத நம் அகமரபுக்கு அது தூரத்து உறவு.

1851 கோடையில், ஐந்தாண்டு கழித்து, இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டனர். வெனிசிலே ஒரு மாதம். பின் மிலான், கோமோ ஏரி, அல்ப்சு மலையிலே சென் கொதார்ட் கணவாய், லூசேண், பாரிசு. ஊர்களின் பெயரை அடுக்குதல் எளிது. இலண்டனை அடைந்த பின் நடந்ததே பெரிது. பிறவுணிங் மாமனாருக்குப் பணிவோடு ஒரு கடிதம் விடுத்தார். சினம் நிறைந்த மறுமொழி வந்தது. அதனோடு ஒரு பொதியும் வந்தது. ஐந்தாண்டாக மகள் எழுதிய கடிதங்கள் யாவும் அதனுள் இருந்தன. ஒன்றின் முத்திரையேனும் உடைக்கப்படவில்லை. கறுப்பு முத்திரை பொறித்தவையுஞ் சில. இழவு காத்த வீட்டார் கறுப்பு முத்திரை இடுதல் அந்நாள் வழக்கம். மகள் வீட்டில் இறந்தவர் யாரென்று அறியும் ஆசைகூட அத்தந்தைக்கு எழவில்லை.

எழவில்லை என்று எழுதிவிட்டேன். எழுந்ததை அடக்கினாரோ, யார் கண்டார்? எனக்கு அம்மான் ஒருவர் இருந்தார். அவர் மகள், எனக்கு மச்சாள் முறையானவர், வீட்டார் விருப்புக்கு மாறாக மணந்து இலண்டன் சென்றார். நீல வான்கடிதங்கள் தவறாது வந்தன. அம்மான் அவற்றைத் திறவார், எறியவும் மாட்டார். வீட்டு இறப்பிலே செருகி வைப்பார். சிறுவனாகிய நான் ஒருநாள் ஒன்றை உருவினேன். “வை மோனை அதை” என்றார். அதட்டலாக இல்லை, இரத்தல் போல இருந்தது. ஆனால் மாரி தொடங்குமுன் அவற்றையெல்லாம் எடுத்து, ஒழுக்கில்லாத பக்கத்தில் மாற்றிச் செருகுவதை நான் கண்டிருக்கின்றேன். பரெற்றும் அக்கடிதங்களை வந்த அன்றே தீயிலிடவில்லையே! ஐந்தாண்டு வைத்திருந்தாரன்றோ?

1855இல் மீண்டும் இலண்டன் வந்தபோது பேரன் விம்போல் வீதி வீட்டு மண்டபத்திலே தாய்மாமனோடு விளையாடிச் சிரித்துக்கொண்டிருந்தான். பரெற் வெளியே வந்து பார்த்தார். யாருடைய பிள்ளை என்று வினவினார். எலிசபெத்தின் பிள்ளை என்றனர். இங்கே இவனுக்கென்ன வேலை என்று கேட்டுவிட்டு அப்பாற் சென்றார். அவர் மக்களுள் மணஞ்செய்தவர் மூவரே. மூவரையும் விலக்கியபடியே 1857 ஏப்பிரலில் இறந்தார்.

எலிசபெத்தின் துயரை எழுதுவோர் வில்சனின் துயரை ஓரிரு வரியிலே கடந்துவிடுவர். முதல் நாள் முதல் உடன்வந்த அப்பணிப்பெண், புளோரன்சிலே அவ்வீட்டு வேலைக்காரராகிய இத்தாலியர் ஒருவரை மணந்தாள். 1855இல் இங்கிலாந்தில் அவளுக்கு மகன் பிறந்தான். குழந்தையைத் தமக்கையிடம் விட்டுவிட்டே எசமானியின் மகனை வளர்க்க அவள் இத்தாலிக்குத் திரும்பவேண்டியதாயிற்று. தந்தை வீட்டுக் கதவு மூடியதென்று நொந்த புலவர் இதனை எவ்வாறு பொறுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அடிமைப் பெண்ணுக்காகப் பாடிய நெஞ்சு, தன் வீட்டுப் பணிப்பெண்ணுக்காக இன்னும் சிறிது இரங்கியிருக்கலாம்.

பின்வந்த ஆண்டுகளிற் குளிர்காலத்துக்கு உரோமாபுரி, கோடைக்குச் சியன்னா என்று பயணங்கள் தொடர்ந்தன. ஆனால் தூரம் குறைந்துகொண்டே வந்தது, நுரையீரல் இடந்தரவில்லை. 1861 யூன் 29இல் காசா குயீதியிலே கணவரின் கைகளில் எலிசபெத் உயிர் நீத்தார். புளோரன்சிலே அந்நியருக்குரிய இடுகாட்டில் அவருக்குக் கல்லறை அமைந்தது.

பிறவுணிங் அந்நகரில் மேலும் ஒரு மாதமே தங்கினார். தளவாடங்களைக் கலைக்குமுன் ஓவியர் மிஞாற்றியை அழைத்து, மனைவி அமர்ந்த நாற்காலி, எழுதுமேசை, சுவர்ப் படங்கள் யாவும் இருந்த இடத்தில் இருந்தபடியே அக்கூடத்தை வரைவித்தார். பிறகு மகனோடு புறப்பட்டார். 1889இல் வெனிசிலே இறக்கும்வரை இத்தாலிக்குப் பன்முறை வந்தாரெனினும், புளோரன்சில் மட்டும் அவர் மறுபடி காலடி வைக்கவில்லை. இப்பொழுது அவ்வில்லத்தைப் பார்க்கச் செல்வோர், அந்த ஓவியத்தைக் கொண்டு மீள அமைத்த கூடத்தையே காண்கின்றார்கள்.