இரண்டு மலையடிவாரங்கள்

அண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் தூரம் சுமார் 14 கிலோமீட்டர். அந்த வழியில், நகரத்தின் ஆரவாரமெல்லாம் மலைக்கு மறுபுறம் ஒதுங்கிவிட்ட இடத்தில், அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே கோயிலில் தொழுதுவிட்டு, நிழலில் சற்று அமர்ந்தோம். உமாதேவி தவமிருந்து ஈசனின் இடப்பாகம் பெற்ற தலம் திருவண்ணாமலை என்று புராணம் கூறும். கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் சில நிமிஷ தரிசனத்துக்காக லட்சக்கணக்கான ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். அம்பிகைக்குச் சரிபாதி அளிப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் மானிடப் பெண்ணொருத்தி நியாயம் கேட்டு வந்து நின்றால், நம்மில் எத்தனை பேர் அவள் பக்கம் நிற்கிறோம்?

இப்படி எண்ணியபோது மற்றொரு மலையடிவாரம் நம் நினைவுக்கு வந்தது. திருவண்ணாமலையிலிருந்து தண்டராம்பட்டு வழியாகச் சென்றால் அரூர். அதற்கு அப்பால், சித்தேரி மலையின் அடியில் இருக்கிறது வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் கிராமம்.

1992-ஆம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையாரும், போலீஸாரும், ரெவினியூ சிப்பந்திகளும் அக்கிராமத்தில் புகுந்தனர். ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், கிணறுகளைப் பாழாக்கினார்கள். பதினெட்டுப் பெண்களின் மானத்தைக் குலைத்தார்கள். அவர்களில் ஒருத்தி பள்ளிக்கூடத்துச் சிறுமி. அநியாயம் செய்தவர்கள் வெளியே திரிய, அதற்கு ஆளானவர்கள் சேலம் சிறைக்குச் சென்றார்கள்!

காக்க வேண்டிய காக்கிச் சட்டையே எதிர்நிற்கும்போது யாரிடம் போய் முறையிடுவது? ஊரார் வாய்க்கு அஞ்சி அப்பெண்கள் மௌனமாயிருந்திருந்தால் யாரும் அவர்களைக் குறை கூறியிருக்க முடியாது. அவர்களோ பேசினார்கள். அடையாள அணிவகுப்பில் குற்றவாளிகளைச் சுட்டிக் காட்டினார்கள். கோர்ட்டுக் கூண்டில் ஏறி, சொல்லக் கூசும் விஷயங்களைச் சொன்னார்கள். பயமுறுத்தலுக்கும் ஆசை காட்டுதலுக்கும் மசியவில்லை.

இந்தத் தைரியத்தை மெச்சுவது எளிது. அது எதனால் நிலைத்தது என்பதுதான் நாம் அறிய வேண்டியது. அவர்கள் தனியாக விடப்படவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும், ஜனநாயக மாதர் சங்கமும், மார்க்ஸிஸ்ட் கட்சி ஊழியர்களும், வக்கீல்களும் வருஷக்கணக்கில் கூடவே நடந்தார்கள். 1995-இல் ஹைகோர்ட்டு வழக்கை ஸி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரிக் கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். அப்பீலை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். அவ்வருஷம் செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்சம் ரூபாய் அளிக்கும்படி உத்தரவிட்டார். முப்பத்தொரு வருஷம்! அன்றைய சிறுமி இதற்குள் நடுவயதை எட்டிவிட்டாள்.

மனித உரிமைக்காகப் போராடும் பெண்களைக் காக்க வேண்டுமென்று 2013-இல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் செய்தது. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்தை 2018-இல் நம் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுத் தேசமெங்கும் அமலாக்கப் பணித்தது. இவை நல்லவையே. ஆயினும் தீர்மானமும் திட்டமும் கோர்ட்டு வாசல் வரை துணைக்கு நடந்து வருமா? அதற்கு அயலார் வேண்டும்.

நம் தெருவிலும் கூலி பாக்கிக்காகவோ, குடிநீருக்காகவோ, ஒரு பெண்ணின் மானத்துக்காகவோ வாய் திறக்கும் பெண் ஒருத்தி இருப்பாள். "உனக்கு ஏனம்மா இந்த வம்பு?" என்று அவளிடம் நாம் கேட்கும்போது, எதிராளிக்குப் பாதி ஜயம் கிடைத்துவிடுகிறது. அவள் தாசில்தார் கச்சேரிக்குப் போகும் நாளில் அவளுடைய குழந்தையை நாம் பார்த்துக் கொள்ளலாம். மனு எழுதிக் கொடுக்கலாம். அவளைப் பற்றிய அவதூறை நம் வீட்டுத் திண்ணையில் பேசவிடாமல் தடுக்கலாம்.

மலையை வலம் வருகிறவர்கள் இருட்டு வழியில் ஒருவருக்கொருவர் துணையாகவே நடக்கிறார்கள். நியாயம் தேடி நடப்பவளுக்கும் அந்தத் துணை வேண்டாமா?