தூணுக்குப் பின்னால் அழுத தாயார் படம் யாருக்குச் சொந்தம்?

சின்னக் கல்யாணங்களில் "கேண்டிட்" மோகம். கேட்டு எடுத்தால் பொக்கிஷம், கேட்காமல் போட்டால் வம்பு!

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

ஐயர் கையைத் தூக்கினார். நாயனமும் தவிலும் அதிர்ந்தன. அட்சதை பறந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். மற்ற 2 முடிச்சுகளையும் அவருடைய அக்காள் போட்டாள்.

தாலி கட்டும் படத்தை எடுத்து முடித்த போட்டோகிராபர் வாலிபர், சட்டென்று பின்னால் திரும்பினார். மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் மணப்பெண்ணின் தாயார் நின்று கொண்டிருந்தார். கணவரை இழந்தவர். சாங்கியத்துக்கு ஆகாது என்று ஒதுங்கி நின்றுவிட்டார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும்.

தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். ஆனால் முகத்தில் சிரிப்பு!

கிளிக்!

ஊர், பேர் வேண்டாம். எந்தத் தெருவிலும், எந்த முகூர்த்தத்திலும் காணக்கூடிய காட்சிதான். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி ஆயிரம் படம் எடுத்தாலும் இந்த ஒரு படம் கிடைக்காது. மேடையில் எடுத்த குடும்பப் படங்கள் எதிலும் அந்தத் தாயார் இல்லை. இந்த ஒன்றில்தான் இருக்கிறார்.

இப்படி, ஆட்களை நிறுத்தி வைக்காமல், அவரவர் போக்கில் இருக்கும்போது எடுக்கும் படத்துக்குத்தான் "கேண்டிட்" என்று பெயர்.

41-வது ஆள்

2020-ல் கொரோனா வந்தபோது கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. வீட்டு மொட்டை மாடியிலும், கோவில் மண்டபத்திலும் கல்யாணங்கள் நடந்தன. தடை போன பிறகும், "செலவு மிச்சம், நிம்மதி மிச்சம்" என்று சின்னக் கல்யாணத்தையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. புரோகிதர் இல்லாமல், உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் மாற்றியோ, தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ம் ஆண்டு சட்டத்திருத்தம் அங்கீகாரம் கொடுத்தது. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் மணம் முடிக்க 3 சாட்சிகள் போதும்.

ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் போட்டோகிராபரை யாரும் கவனிப்பதில்லை. 40 பேர் கல்யாணத்தில் அவர் 41-வது ஆள். அவர் இருமினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கண்ணில் படாத அழுகையும் இல்லை, கோபமும் இல்லை!

12 படம்தான்!

அந்தக் காலத்தில் கேண்டிட் எடுக்க வசதி ஏது? பெட்டி போன்ற யாஷிகா கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். சின்ன பிலிம் ரோல் என்றால் 36. பிலிமுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. வீணாக ஒரு படம் விழுந்தால் நஷ்டம். அதனால்தான் எல்லோரையும் விறைப்பாக நிறுத்தி, "ரெடி" சொல்லிப் பளிச் என்று பிளாஷ் அடித்தார்கள்.

இப்போது டிஜிட்டல் கேமரா. ஒரு கல்யாணத்தில் 2 ஆயிரம் படம் எடுத்தாலும் பிலிம் செலவு கிடையாது. எடுத்த கையோடு பார்த்துக் கொள்ளலாம். பிடிக்காததை அழித்து விடலாம்.

தொப்பிக்குள் கேமரா

இந்தக் கலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் எரிக் சாலமன். ஜெர்மனிக்காரர். சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1928-ல் ஒரு கொலை வழக்கு விசாரணை நடந்தபோது, கோர்ட்டுக்குள் கேமராவுக்குத் தடை. சாலமன் தன் தொப்பிக்குள் சின்ன கேமராவை ஒளித்து வைத்துப் படம் எடுத்து விட்டார்! பிறகு மந்திரிகள் கொட்டாவி விடுவதையும் தூங்கி வழிவதையும் படம் பிடித்தார். அவருடைய படங்களுக்குத்தான் லண்டன் பத்திரிகை ஒன்று "கேண்டிட்" என்று பெயர் சூட்டியது. யூதரான அவர் 1944-ல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார்.

மந்திரியை ஒளிந்திருந்து எடுக்கலாம். அவர் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கல்யாண வீட்டுத் தாயார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

எப்படி எடுக்கிறார்கள்?

விவரம் தெரிந்த போட்டோகிராபர் ஒளிந்து எடுப்பதில்லை. பழகி எடுக்கிறார். முதல் நாளே வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடிக்கிறார். பாட்டி யார், தாய்மாமன் யார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெரிந்து கொள்கிறார். மணமக்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள், ஜன்னல் வெளிச்சம் எங்கே விழும் என்று கணக்குப் போடுகிறார்.

பிளாஷ் கிடையாது. ஒரு முறை அடித்தால் போதும், எல்லோரும் முகத்தைத் துடைத்துக் கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து விடுவார்கள். இருட்டு மண்டபத்திலும் வெளிச்சத்தை அள்ளும் அகல வாய் லென்சைத்தான் போடுகிறார்கள்.

சத்தமே வராத கேமராக்களும் வந்துவிட்டன. அதிலும் ஒரு வில்லங்கம்! சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் அந்த முறையில் எடுத்தால் படத்தில் வரி வரியாகக் கோடு விழும். தாலி கட்டும் நேரத்தில் இதைக் கண்டுபிடித்தால் என்ன பிரயோஜனம்? மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா? முன்கூட்டியே 2 படம் எடுத்துப் பார்த்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரே நேரத்தில் 2 கார்டில் பதிவாகும் கேமரா என்றால், ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும்.

கோவிலில் கல்யாணம் என்றால் இன்னொரு விஷயம். தமிழகக் கோவில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவிட்டது. எந்த இடத்தில் கேமரா அனுமதி, எந்த இடத்தில் கூடாது என்று கோவில் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு விடுவது நல்லது.

ஷோகேஸ் சண்டை

வம்பு வருவது படம் எடுத்த பிறகுதான்.

முன்பெல்லாம் ஸ்டூடியோ வாசலில் கண்ணாடி ஷோகேஸ் இருக்கும். கல்யாணப் பெண் படத்தைப் பெரிதாக்கி மாட்டி விடுவார்கள். பெண்ணின் அண்ணன் பார்த்தால் சண்டைதான்! ஆனால் அந்தப் படத்தை அந்தத் தெருவில் போகிறவர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள்.

இப்போது ஷோகேஸ் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தாயார் அழுகிற படத்தை, வியாபார விளம்பரத்துக்காக போட்டோகிராபர் தன் பக்கத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பார்கள். "ஏன் ஒதுங்கி நிக்குது?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் கேலி செய்வார். சம்பந்தி வீட்டிலும் பார்ப்பார்கள். சந்தோஷத்தில் வந்த கண்ணீர் சந்தி சிரித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"நான் எடுத்த படம், நான் போடுவேன்" என்று போட்டோகிராபர் சொன்னால் அது செல்லாது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை பணம் கொடுத்தவருக்கே. வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டும் மாறும். அந்த "ஒப்பந்தம்" அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். ஜாக்கிரதை! அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் 3 விஷயம் பேசிக்கொள்ளுங்கள். எந்த அறைக்குள் கேமரா வரக்கூடாது? எந்தப் படத்தை வெளியே போடலாம்? எத்தனை நாளில் எல்லாப் படமும் கைக்கு வரும்? வாய்ப் பேச்சு வேண்டாம். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் தலைவலி இல்லை.

தூணுக்குப் பின்னால் அந்தத் தாயாரைப் படம் பிடித்த வாலிபர் விவரமானவர். பந்தி முடிந்ததும் தாயாரைத் தேடிப் போனார். கேமராவிலேயே படத்தைக் காட்டினார். "அம்மா, இதை வெச்சுக்கலாமா, அழிச்சிடட்டுமா?"

தாயார் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஊருக்கு வேணாம் தம்பி. என் பொண்ணுக்கு ஒண்ணு பெருசா போட்டுக் குடு. நானும் அங்கதான் இருந்தேன்னு அவளுக்குத் தெரியட்டும்."