வெளி துணுக்குகளால் ஆனதா?

நிலம் அளப்பவர் ஓர் ஏக்கரை நூறு செண்டாகப் பிரிக்கிறார். செண்டைச் சதுர அடியாகவும், அதனைச் சதுர அங்குலமாகவும் பிரிக்கலாம். இப்பிரிவினைக்கு முடிவு உண்டா? சடப்பொருளைப் பற்றி இவ்வினாவை எழுப்பியபோது அணு என்னும் விடை கிட்டியது. 1908 முதல் பெர்ரின் நடத்திய பரிசோதனைகள் அதனை ஐயமற நிறுவின. வெளியைப் பற்றிய வினாவுக்கோ இன்னும் முடிவான விடை இல்லை.

ஐன்ஸ்டைன் 1915-இல் வகுத்த பொதுச் சார்புக் கொள்கைப்படி, வெளியும் காலமும் மின்காந்தப் புலத்தைப்போல் ஒரு புலமே. ஏனைய புலங்கள் குவாண்டம் விதிகளுக்கு உட்படுவதால் இதுவும் உட்படவேண்டும் என்பது பௌதிக அறிஞர் பலரின் எதிர்பார்ப்பு. இந்தியாவில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் புதிய மாறிகளில் எழுதிக் காட்டினார். அவ்வடிப்படையில் எழுந்ததே வளையக் குவாண்டம் ஈர்ப்புக் கொள்கை. 1995-இல் கார்லோ ரோவெல்லியும் லீ ஸ்மோலினும் இக்கொள்கையின்படி பரப்பும் கனஅளவும் குறிப்பிட்ட படிகளில் மட்டுமே அமையும் எனக் கணித்தனர். மிகச் சிறிய பரப்பு எவ்வளவு நுண்ணியது எனில், ஒரு சதுர சென்டிமீட்டரில் அத்தகையவை ஏறத்தாழ 10-இன் 65-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் அடங்கும்.

இதனைக் கேட்டவுடன் வெளியை மணற்குவியலாகக் கற்பனை செய்துகொள்வது எளிது, ஆனால் தவறு. விரைந்து செல்லும் ஒருவருக்கு நீளம் குறுகித் தோன்றும் என்பது சார்புக் கொள்கை. அவ்வாறாயின், மிகச் சிறிய பரப்பும் அவருக்கு இன்னும் சிறிதாகத் தோன்றாதா? ரோவெல்லியும் ஸ்பெசியாலேயும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை கூறுகிறது. எலெக்ட்ரானின் தற்சுழற்சியை எத்திசையில் அளந்தாலும் இரண்டே மதிப்புகள் கிடைக்கும். கருவியைச் சாய்த்தால் அம்மதிப்புகள் குறைவதில்லை. அவை கிடைக்கும் வாய்ப்பே மாறுகிறது. பரப்பும் அத்தகையதே. துண்டாக இருப்பது அளவையில் கிடைக்கும் மதிப்பேயன்றி, எங்கோ அடுக்கி வைக்கப்பட்ட மணிகள் அல்ல.

சடப்பொருளின் நிலை வேறு. இக்கொள்கை வெளியை முடிச்சுகளும் இணைப்புகளும் கொண்ட வலையாகச் சித்திரிக்கிறது. எலெக்ட்ரான் போன்ற துகள்கள் அம்முடிச்சுகளில் அமர்த்தப்படுகின்றன. அமர்த்தப்படுகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும்: எலெக்ட்ரானின் நிறையையோ மின்னூட்டத்தையோ வலை தானாகத் தருவதில்லை. ஆகவே வெளியின் துணுக்குத் தன்மையிலிருந்து பொருளின் துணுக்குத் தன்மை பிறந்தது என்று கூற இடமில்லை.

பரிசோதனை என்ன சொல்கிறது? வெளி நுண்ணளவில் கரடுமுரடாயின், ஆற்றல் மிக்க ஒளி சற்றே வேறு வேகத்தில் செல்லக்கூடும் எனச் சிலர் கருதினர். 2009 மே 10-ஆம் நாள் நிகழ்ந்த காமாக் கதிர் வெடிப்பொன்றைப் பெர்மி விண்தொலைநோக்கி பதிவு செய்தது. எழுநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து வந்த 31 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய ஒளித்துகள், வெடிப்பின் முதற்கதிர்கள் வந்த ஒரு நொடிக்குள்ளாகவே வந்து சேர்ந்தது. வேகம் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் மாறும் என்ற எளிய கணிப்புகள் இதனால் பெரிதும் அடிபட்டன. வளையக் கொள்கை அத்தகைய வேக மாற்றத்தைத் தன் அடிப்படையிலிருந்து திட்டமாக முன்னுரைக்கவில்லை. ஆதலின் இச்சோதனையில் அது வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை.