சியர் ஜிம்முக்குக் காசு கட்டுவது எப்படி

சியர்லீடிங் என்றதும் நம்மூரில் பலருக்கு ஐ.பி.எல். மைதானத்தின் ஓரத்தில் ஆடுகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இது வேறு. அமெரிக்காவில் ‘ஆல்-ஸ்டார்’ என்றொரு பிரிவு உண்டு. அதில் பிள்ளைகள் வேறு யாருக்கும் ஆரவாரம் செய்வதில்லை. தாங்களே போட்டிக்கு இறங்குகிறார்கள். ஆட்டம் மொத்தமே 2 நிமிடம் 30 விநாடிதான். பல்டி, ஆளைத் தூக்கிப் பிடிப்பது, பிரமிடு, நடனம் எல்லாம் அதற்குள் முடிந்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இதில் வேலையில்லை. அணியைச் சேர்ப்பது தனியார் ஜிம், செலவு பெற்றோருடையது. போட்டி அணி என்றால் ஒரு சீசனுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் போகும்.

பணத்தைப் பொறுத்தவரை இது ஏறக்குறைய ஏலச்சீட்டு. மாதாமாதம் கட்டுகிறோம், பலன் பின்னால் வருகிறது, நடுவில் நடத்துகிறவரின் நாணயத்தை நம்பி இருக்கிறோம். ஆனால் நம்மூரில் சீட்டு நடத்துகிறவர் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈடு கட்டிப் பதிவு செய்தாக வேண்டும். பெற்றோர் கொடுக்கும் முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று சியர் ஜிம்மைக் கட்டாயப்படுத்தும் நாடு தழுவிய சட்டம் அமெரிக்காவில் கிடையாது. ஆகவே காவலைப் பெற்றோரும் ஜிம்காரருமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அணித் தேர்வு பெரும்பாலும் மே மாதத்தை ஒட்டி நடக்கும். வேலையை ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள். பிள்ளை அணியில் சேர்ந்து, தோழிகளும் அமைந்து, முடியில் கட்டும் பெரிய ரிப்பன் முடிச்சும் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் கேள்வி கேட்க எந்தப் பெற்றோருக்கும் மனசு வராது. முதலில், மாநில அரசின் நிறுவனப் பதிவு இணையதளத்தில் ஜிம்மின் பெயரைத் தேடுங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்த ஆண்டு தொடங்கியது என்பது தெரிந்துவிடும். பில்லில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். பத்து நிமிட வேலை.

அடுத்து, முழு சீசனுக்குமான செலவுப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத டியூஷன், போட்டி நுழைவுக் கட்டணம், யூனிஃபார்ம், பயிற்சி உடை, ஆட்டம் அமைத்துக் கொடுக்கும் கோரியோகிராஃபருக்கான பணம், பாட்டுக் கலவை, ஆல்-ஸ்டார் பிரிவுக்கு விதி வகுக்கும் யு.எஸ்.ஏ.எஸ்.எஃப். அமைப்பின் உறுப்பினர் கட்டணம், கோச்சுகளின் பயணச் செலவில் உங்கள் பங்கு என்று எல்லாம் அதில் வர வேண்டும். ‘சுமாராக இவ்வளவு ஆகும், போகப்போகச் சொல்கிறோம்’ என்பது பட்டியல் ஆகாது.

பட்டியல் வந்ததும் பேனாவை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ஜிம்மின் வருமானம், அதாவது டியூஷன். வலப்பக்கம் ஜிம் வெறுமனே வாங்கி வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிய பணம்: போட்டி நடத்துகிறவருக்கு, யூனிஃபார்ம் கம்பெனிக்கு, கோரியோகிராஃபருக்கு. பணத் தகராறு வந்தால் ‘ஓனர் சுருட்டிவிட்டார்’ என்றுதான் முதல் பேச்சு கிளம்பும். சுருட்டுகிறவர்களும் உண்டுதான். ஆனால் இந்த இரண்டு பக்கமும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தால் திருடாத ஓனரும் மாட்டிக்கொள்வார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு அணியில் 20 பிள்ளைகள். போட்டிக்கு ஆளுக்கு 130 டாலர், சீசனில் 7 போட்டி, அது 18,200. யூனிஃபார்ம் ஆளுக்கு 400, அது 8,000. ஆக ஒரு அணிக்கு 26,200. ஜிம்மில் ஆறு அணி என்றால் 1,57,200 டாலர். கோடை முடிவதற்குள் இதில் பெரும்பகுதியை வசூலித்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். போட்டிகள் நடப்பதோ நவம்பர் முதல் ஏப்ரல் வரை. 54 அடிக்கு 42 அடி ஸ்பிரிங் தளம் விரிக்கிற அளவுக்குப் பெரிய கிடங்குக்கு மாதாமாதம் வாடகை, கோச்சுகளுக்குச் சம்பளம், இன்சூரன்ஸ். ஜூலையில் வாடகை இடிக்கிறது, கணக்கிலோ பணம் கிடக்கிறது. ‘இந்த மாதம் எடுப்போம், செப்டம்பர் டியூஷனில் சரிக்கட்டுவோம்’ என்று ஒரு முறை கை வைத்தால் போதும். செப்டம்பரில் ஆறேழு பிள்ளைகள் விலகிவிட்டால் பிப்ரவரிப் போட்டிக்கான பணம் ஜூலை வாடகையாகப் போய்விட்டது என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஆகவே ஜிம்காரர் செய்ய வேண்டியது இரண்டு வங்கிக் கணக்கு. வலப்பக்கப் பணம் போகிற கணக்கிலிருந்து, போட்டி நடத்துகிறவரோ யூனிஃபார்ம் கம்பெனியோ பில் அனுப்பினால் ஒழிய ஒரு டாலரும் வெளியே போகக்கூடாது. கட்டிய ரசீதைப் பெற்றோருக்கு அனுப்பிவிட வேண்டும். லாபம் வைப்பதில் தவறே இல்லை. தினமும் மாலை நம் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறவருக்கு நல்ல வருமானம் வரட்டும். அதை டியூஷனில் வெளிப்படையாக வைக்கலாம். போட்டிக் கட்டணத்துக்குள் இருபது முப்பது டாலரை ஒளித்து வைத்தால், போட்டி அமைப்பாளரின் உண்மையான கட்டணம் என்றைக்காவது ஒரு பெற்றோர் கண்ணில் பட்டே தீரும். அன்றைக்கு அவர் பழைய பில் அத்தனையையும் தோண்டுவார். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: ‘போட்டிப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா?’ பதிலைவிடப் பதில் சொல்கிற தோரணையைக் கவனியுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் விலகல் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். கால் முறிந்தால் என்ன, ஊர் மாறினால் என்ன, போட்டியே ரத்தானால் என்ன? 2020 மார்ச்சில் கோவிட் சீசனைப் பாதியில் நிறுத்தியது. ஆர்லாண்டோவில் நடக்கும் வேர்ல்ட்ஸ் என்ற உலகப் போட்டியும் அந்த ஆண்டு ரத்தானது. ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த வசந்தத்தைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கட்டிய சேவை வராவிட்டால் கார்டு கம்பெனியிடம் எழுத்தில் முறையிட சட்டம் இடம் தருகிறது. ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். ஜெல் (Zelle) போன்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக நீங்களே அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. ‘முழு சீசனையும் இப்போதே கட்டினால் பத்து சதவீதம் குறைப்போம்’ என்றால் ஆசைப்படாதீர்கள். அந்தப் பத்து சதவீதம், ஜிம்முக்கு நீங்கள் தரும் கடனுக்கு வட்டி. கடனுக்கு ஈடு ஏதும் இல்லை.

பல ஜிம்களில் பெற்றோர் சேர்ந்து ‘பூஸ்டர் கிளப்’ வைத்திருப்பார்கள். குக்கீ, பரிசு சுற்றும் தாள் விற்றுப் பணம் திரட்டுவார்கள். இதில் ஒரு வழுக்கல் உண்டு. விற்ற குடும்பத்தின் பெயரிலேயே லாபத்தை வரவு வைத்து, அந்தப் பிள்ளையின் கட்டணத்தில் கழிப்பது. நியாயமாகத்தான் தோன்றும், உழைத்தவருக்குத்தானே கூலி? வர்ஜீனியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் நடத்திய கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் இப்படித்தான் புள்ளி போட்டுக் கழித்தது. அறக்கட்டளை என்ற பெயரில் வரிவிலக்கு வாங்கிக்கொண்டு உறுப்பினர்களின் சொந்தச் செலவைக் குறைப்பது செல்லாது என்று 2013இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்து, வரித்துறை விலக்கைப் பறித்ததை உறுதி செய்தது. திரட்டியது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவில் போக வேண்டும், அல்லது வரிவிலக்கு கேட்காமல் இருக்க வேண்டும். கிளப் ஆண்டுதோறும் வரித்துறைக்கு 990 படிவம் தருகிறதா என்று வரித்துறைத் தளத்தில் யாரும் பார்க்கலாம். மூன்று ஆண்டு தொடர்ந்து தராவிட்டால் விலக்கு தானாகவே போய்விடும். ஜிம் ஓனரே கிளப்பின் பொருளாளராகவும் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே மாற்றச் சொல்லுங்கள்.

போட்டிக் காலம் தொடங்கியதும் மாதம் ஒரு முறை பட்டியலையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் இந்தக் கட்டத்தில் ஜிம்முக்கும் மேலே ஒரு அடுக்கு இருக்கிறது. போட்டிகளில் மிகப் பெரிய கை வார்சிட்டி நிறுவனம். தன் போட்டிகளுக்கு அதிகம் வரும் ஜிம்களுக்கு அது கழிவு கொடுத்து வந்தது. சில போட்டிகளில் அமைப்பாளர் சொன்ன ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. ஏகபோகம் என்று சொல்லி டென்னசி கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2020இல் வழக்குகள் தொடங்கின. ஜிம்கள் தரப்பு வழக்கு 43.5 மில்லியன் டாலருக்கும், பெற்றோர் தரப்பு வழக்கு 82.5 மில்லியன் டாலருக்கும் சமரசமாயின. பெற்றோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி: கழிவு வந்தால் அது யாருக்கு? நாங்கள் கட்டிய பணத்துக்கு வந்த கழிவை டியூஷனில் குறைப்பீர்களா, ஜிம் வைத்துக்கொள்ளுமா? வைத்துக்கொள்வதாக முன்கூட்டியே எழுதியிருந்தால் சண்டைக்கு இடமில்லை.

வேர்ல்ட்ஸுக்குத் தகுதி பெறும்போதும் இதே கேள்விதான். முழுச் செலவும் ஏற்கும் தகுதிச் சீட்டு, பாதி ஏற்பது, வெறும் அனுமதி மட்டும் தருவது என்று அதில் வகை உண்டு. முழுச் செலவும் ஏற்கப்பட்டபின், ஏற்கெனவே அந்தப் பயணத்துக்கென்று வசூலித்த பணம் திரும்ப வர வேண்டும். அல்லது எதில் போனது என்று தெரிய வேண்டும். மே மாதத்தில் ஜிம் ஒரே ஒரு பக்கத்தில் வலப்பக்க வரவு, செலவு, மீதி மூன்றையும் எழுதி எல்லாருக்கும் அனுப்பினால் அடுத்த சீசனுக்குப் பெற்றோரைக் கெஞ்ச வேண்டியிருக்காது.

இவ்வளவும் செய்தும் ஜிம் கதவில் பூட்டுத் தொங்கினால், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் திட்டித் தீர்ப்பதற்கு முன் ஜிம் திவால் மனு போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். போட்டிருந்தால் நீதிமன்றத்தில் உரிமைக் கோரல் படிவம், அதாவது 410ஆம் எண் படிவம், கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அதன் 12ஆம் கேள்வியில் ‘குடும்பப் பயன்பாட்டுக்கான சேவைக்குக் கட்டிய முன்பணம்’ என்றொரு கட்டம் இருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் தொடரப்படும் வழக்குகளில் ஆளுக்கு 3,800 டாலர் வரை இந்த வகைக்கு முன்னுரிமை உண்டு. ஈடில்லாமல் சாதாரணமாகக் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் நிற்பீர்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டையும் ஏப்ரலில் வாங்கிய பட்டியலையும் அதோடு இணைத்து, கோரலுக்குக் கொடுத்த கடைசித் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.