கத்தி பிடித்த கை

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை என்றால் சந்தை. விடிந்ததும் பழைய டிரங்க் ரோட்டின் ஓரமாகத் தார்ப்பாய்கள் விரிந்துவிடும். ஓடாத சுவர்க் கடிகாரம், மூடியில்லாத மிக்ஸி ஜார், ரோஜாச் செடி, புறாக் கூண்டு, யாரோ படித்து முடித்த பாடப் புத்தகம் எல்லாம் வெயிலில் கிடக்கும். அப்படி ஒரு தார்ப்பாயில், ஸ்பானர்களும் துருப்பிடித்த சாவிகளும் கிடந்த பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு பழைய ஷேவிங் செட்டைப் பார்த்தேன்.

“பித்தளை சார். தேய்ச்சா தங்கமாட்டம் ஆயிடும்” என்றார் கடைக்காரர். 200 ரூபாய் சொன்னார், 150-க்கு முடிந்தது.

அதன் கனம் எனக்குத் தெரிந்த கனம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார். அலுமினியக் குவளையில் வெந்நீர், வட்டச் சோப்பு, பிரஷ், கடைசியில் கன்னத்தில் தேய்க்கப் படிகாரக் கட்டி. செவ்வாயும் வெள்ளியும் முகத்தில் கத்தி படாது. தேய்ந்த பிளேடு அம்மாவிடம் போய்த் தையல் பிரிக்கும். அங்கிருந்து பாதியாக உடைந்து என் பென்சில் டப்பாவுக்கு வரும். டோபாஸ், பனாமா, அசோக், செவன் ஓ கிளாக் என்று நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தக் காகித உறைகளில்தான்.

இப்போது இளைஞர்கள் பலர் அந்த முறைக்குத் திரும்பி வருகிறார்கள். பிரஷ்ஷும் சோப்பும் தேடி வாங்குகிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்களில் செய்த மடக்குக் கத்திகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். சவரம் ஒரு கலை என்கிறார்கள். உண்மைதான், கலைதான். ஆனால் அந்தக் கலை இத்தனை காலம் யார் கையில் இருந்தது, அந்தக் கையை நாம் எங்கே வைத்திருந்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தகடு செய்யும் காவல்

வெறும் கத்தியால் தன் முகத்தைத் தானே மழிப்பது எளிதல்ல. கன்னம் மேடு, தாடை வளைவு, தொண்டை பள்ளம். கத்தி ஒரு நூல் சாய்ந்தாலும் ரத்தம். பிரான்சைச் சேர்ந்த கத்தி செய்யும் கலைஞர் ழான் ழாக் பெரே, 18-ஆம் நூற்றாண்டில் கத்தியின் விளிம்புக்கு மரத்தால் ஒரு காப்புச் செய்தார். தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று 1769-இல் ஒரு நூலும் எழுதினார்.

அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் அதை வேறு வழியில் யோசித்தார். தீட்ட வேண்டாத, தேய்ந்தால் மாற்றிவிடக்கூடிய மெல்லிய எஃகுத் தகடு. அத்தனை மெல்லிய தகட்டுக்குக் கூர் ஏற்ற முடியாது என்று பலர் கைவிரித்தபோது, வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கான இயந்திரங்களை உருவாக்கித் தந்தார். 1903-இல் விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு விற்றவை 51 ரேஸர்கள், 168 பிளேடுகள். 1904-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் பைக்குள் இடம்பிடித்த பிறகு, ஷேவிங் செட் வீட்டுப் பொருளாகிவிட்டது.

சந்தையில் வாங்கியதைக் கழற்றினால் சூட்சுமம் தெரியும். மூன்றே துண்டு. மேல் மூடி வளைந்திருக்கும். திருகை இறுக்க இறுக்கப் பிளேடும் அதோடு வளைந்து விறைக்கும். கீழ்த் தட்டின் விளிம்பு தோலை முன்கூட்டியே அழுத்திச் சமன்செய்யும். கத்தி எவ்வளவு வெளியே வரலாம், எந்தச் சாய்வில் படலாம் என்பதை எல்லாம் நாவிதரின் விரல்கள் முடிவு செய்துகொண்டிருந்தன. அதில் ஒரு பங்கை இந்த உலோகத் துண்டுகள் ஏற்றுக்கொண்டன.

மீதிப் பங்கு நம்முடையது. முகத்தை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட வேண்டும். நனைந்த மயிர் மென்மையாகும். பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றி நுரை ஏற்ற வேண்டும். ரேஸரின் கைப்பிடியைச் சுமார் 30 பாகை சாய்வில் பிடித்து, அழுத்தாமல், அதன் கனத்துக்கே விட்டுவிட வேண்டும். முதல் முறை முடி படியும் வாக்கில். தேவைப்பட்டால் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே. எடுத்த எடுப்பில் எதிர்வாக்கில் இழுத்தால், சுருண்ட முடி உள்ள கழுத்தில் முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும்.

எஃகைவிட மயிர் சுமார் 50 மடங்கு மென்மையானது. பிறகு எப்படிப் பிளேடு மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் விடை தந்தார்கள். விளிம்பு சீராகத் தேய்வதில்லை. மயிர் வளைந்து ஒரு பக்கமாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பில் பலவீனமான இடத்தில் நுண்ணிய சில்லு தெறித்துவிடுகிறது. அதனால்தான் எந்த வாக்கில், என்ன சாய்வில் இழுக்கிறோம் என்பது தோலுக்கும் முக்கியம், பிளேடுக்கும் முக்கியம்.

வாரில் தீட்டியவர்

பல்லாவரத்தை அடுத்த பம்மலில் ஒரு பெரியவர் ஐம்பது வருடம் சலூன் வைத்திருந்தார். இப்போது மகன் கடையைப் பார்க்கிறார். “உங்க பழைய கத்தி இருக்கா ஐயா?” என்று கேட்டதும், ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுக்கும் அடைப்பத்தைக் கொண்டுவந்தார். தோல் பை. உள்ளே கத்தரி, சீப்பு, வழுவழுப்பான சாணைக்கல், நடுவில் குழிந்து கறுத்துப்போன தோல் வார், மடக்குக் கத்தி. கத்தியின் அடியில் மங்கலாக ‘ஷெஃபீல்டு’.

வாரின் ஒரு முனையை நாற்காலியின் கையில் மாட்டினார். கத்தியின் முதுகு முன்னே போக, விளிம்பு பின்னே வர ஒரு இழுப்பு. முனையில் முதுகை வாரிலிருந்து எடுக்காமலே புரட்டி மறு இழுப்பு. “விளிம்பு முன்னாடி போச்சுன்னா வாரு அறுந்துடும் தம்பி. கல்லு கூரு வைக்கும். வாரு அதை நேர் பண்ணும். ரெண்டும் வேற வேற” என்றார். பிறகு இடது கையின் இரண்டு விரலால் என் கன்னத்தை மேலே இழுத்துக் காட்டினார். “வேலை செய்யறது கத்தி புடிச்ச கையின்னு நெனைப்பாங்க. இல்ல. தோலை இழுத்துப் புடிக்கிற கைதான்.”

அந்த ‘ஷெஃபீல்டு’ முத்திரைக்குப் பின்னாலும் நம் பக்கத்துக் கைகள் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பகுதியில் நம் கொல்லர்கள் உருக்கு செய்வதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளை உலர்ந்த ஆவாரஞ் சீவலோடு சிறு மண்மூசையில் இட்டு, எருக்கிலை போர்த்தி, களிமண்ணால் வாய் பூசி, உலையில் ஊதி உருக்குவார்கள். பரங்கிப்பேட்டையில் 1830-களில் இரும்பு ஆலை நடத்திய ஹீத், பின்னர் ஷெஃபீல்டுக்குப் போய் 1839-இல் மாங்கனீசு சேர்த்து உருக்கு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உருக்கின் விலையைக் குறைத்தது அந்த முறை. ஆவாரஞ் சீவலை அளந்து போட்ட கொல்லர் எவரின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

கத்தி பிடித்தவர்களுக்கும் அதே கதைதான். மருத்துவர் என்ற பெயரை அந்தச் சமூகம் இன்றும் சுமக்கிறது. கட்டி கீறியதும் புண்ணுக்கு மருந்திட்டதும் அவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். லண்டனிலும் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் 1540-இல் ஒரே சங்கமாக இணைந்து, 1745-இல்தான் பிரிந்தார்கள். அங்கே கத்தி பிடித்த கைகளில் ஒன்று மருத்துவமனைக்குள் போய் மரியாதை பெற்றது. இங்கே, பிறக்கும்போது ஏந்திய கையை, சாவு வீட்டில் மழித்த கையை, வாசலிலேயே நிறுத்தினோம். கூலியாக நெல்லை அளந்து போட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு மரியாதையைக் குறைத்தோம். அந்தச் சாதி அடுக்கின் கொடுமை அதோடு நிற்கவில்லை; தலித் மக்களுக்கு முடிவெட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பல ஊர்களில் அதே சலூன்களின் மேல் ஏற்றியது.

பாதி பிளேடு

பெரியவர் கத்தியை மடக்கி உள்ளே வைத்ததற்குக் காரணமும் இந்தப் பகுதியோடு சம்பந்தப்பட்டது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது. பல்லாவரத்திலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி, 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகள் தேடிவந்து சேரும் பெரிய மருத்துவமனையானது. ஒரே கத்தியைப் பலருக்குப் பயன்படுத்தும் பழக்கத்தின் மேல் பயம் வந்தது. ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி போன்ற கிருமிகளை நினைத்தால் அது தேவையான பயம்தான்.

சலூன்காரர்கள் வேறு வழிக்கு மாறினார்கள். ஷேவிங் செட்டுக்கான பிளேடை உறையோடு இரண்டாக உடைத்து, பாதியை மடக்குக் கத்தி வடிவப் பிடியில் செருகினார்கள். ஆளுக்குப் பாதி. சாணையும் வாரும் தேவையற்றுப்போயின. கை மட்டும் பழைய கைதான். தோலை இழுத்துப் பிடிக்கும் அந்த இரண்டு விரலுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

பிளேடு போகும் இடம்

சந்தை ரேஸரைப் பாத்திரச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் பழைய பல்துலக்கியும் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, புது பிளேடு போட்டுத்தான் பயன்படுத்துகிறேன். பிளாஸ்டிக்கும் எஃகும் பிரிக்க முடியாமல் ஒட்டிய ரேஸர் தலைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பிளேடு முழு எஃகு. பழைய இரும்போடு போகும். ஆனால் குப்பைப் பையில் போட்டால், காலையில் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில்தான் போய்க் குத்தும். அதனால் ஒரு பால்பவுடர் டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதற்குள் சேர்க்கிறேன். நிறைந்ததும் மூடியை ஒட்டி, “பிளேடு” என்று பெரிதாக எழுதித் தனியாகக் கொடுப்பேன். கத்தியை மதிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை இது என்று நினைக்கிறேன்.

இதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, ராணுவ மைதானத்துச் சரளைக் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட பழைய கற்கால ஆயுதம் அது. அந்தக் குழியில் ஆயிரம் கற்கள் கிடந்திருக்கும். இதன் விளிம்பை ஒரு கை தட்டித் தட்டிச் செய்திருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். முகம் தெரியாத அந்தக் கைக்கு வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது.

அடுத்த முறை சலூன் நாற்காலியில் சாயும்போது நிமிர்ந்து சவரம் செய்பவரின் முகத்தைப் பாருங்கள். பெயர் கேளுங்கள். வயதில் மூத்தவரென்றால் ‘ஐயா’ என்று கூப்பிடுங்கள். கழுத்து நரம்பின் மேல் கூரான பிளேடு ஓடும்போது கண்ணை மூடித் தூங்கிவிடுகிறோமே, அவ்வளவு நம்பிக்கை வைத்த கைக்கு நாம் பட்ட கடன் அது.