உங்களுக்குத் தெரியுமா? கலங்குவது வேறு, கனிவது வேறு!

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மரக்காணம் கடற்கரையையும் தாக்கியது. அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன நிபுணர்கள், தமிழகக் கடலோரத் தொண்டர்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி அளித்தார்கள். இத்தொண்டர்களைப் போல நாளெல்லாம் பிறர் துயரம் கேட்பவர்கள் தாங்களே துவண்டுபோவது ஏன்?

● நமக்கு வலிக்கும்போது இயங்கும் மூளையின் ‘முன் இன்சுலா’, நெருங்கியவருக்கு வலித்தாலும் இயங்குகிறது. 2004இல் நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு இதைக் காட்டியது.

● ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் வலியை உள்வாங்கும் பயிற்சி மனச்சுமையைக் கூட்டியது. ‘இவர் நலம் பெறட்டும்’ என நினைக்கும் கனிவுப் பயிற்சியோ, பாசத்தோடும் நிறைவோடும் தொடர்புடைய வேறு பகுதிகளை இயக்கி, மனத்தைத் தேற்றியது.

● ஆக, துயரம் கேட்கும் ஆற்றுப்படுத்துநர் அதில் கூடவே மூழ்க வேண்டாம். கரையில் நின்று கை கொடுத்தால் போதும். அந்தக் கனிவு, பழகப் பழக வரும்!