அலுமினியத்திற்கு ஏற்ற கவசம் எது?

இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் துருப்பிடிக்காது என்று பல்லாண்டுகள் வகுப்பறையில் சொல்லி வந்தேன். அது பாதி உண்மையே. மறுபாதியை இன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அலுமினியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி, தன்மேல் ஓர் ஆக்சைடுப் படலத்தைத் தானே போர்த்திக் கொள்கிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. கடற்காற்றின் உப்பும், சலவைச் சோடா, ஈரச் சிமெண்டு போன்றவற்றின் காரமும் இம்மெல்லிய கவசத்தை அழித்துவிடும். ஆகவே மேற்காப்புத் தேவைப்படுகிறது. அதற்குரிய முக்கிய முறைகள் மூன்று.

முதலாவது, ஆனோடைசிங். பொருளைக் கந்தக அமிலக் கரைசலில் அமிழ்த்தி, மின்சாரத்தின் நேர்முனையுடன் இணைப்பார்கள். இயற்கைப் படலமே பல்லாயிரம் மடங்கு தடிக்கும். அதன் நுண்துளைகளில் சாயமேற்றிப் பின் கொதிநீரில் இட்டால், துளைகள் அடைபடும். 1923-ஆம் ஆண்டில் பிரிட்டனில், கடல் விமான உறுப்புகளைக் காக்கக் குரோமிக் அமிலத்தைக் கொண்டு இத்தகைய முறை கையாளப்பட்டது.

இரண்டாவது, பவுடர் கோட்டிங். மின்னூட்டம் பெற்ற வண்ணப் பொடியைப் பொருளின்மேல் படியச் செய்து, ஏறக்குறைய 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருக்கி இறுகச் செய்வார்கள். விரும்பிய வண்ணம் கிடைக்கும். ஆயின், அடிப்பரப்பு தூய்மையாக இல்லாவிடின் பூச்சு உரிந்துவிடும்.

மூன்றாவது, குரோமேட்டுக் கரைசலில் தோய்த்தல். இதனால் உண்டாகும் மெல்லிய படலம் மின்சாரத்தைப் பெரிதும் தடுப்பதில்லை. வண்ணப்பூச்சும் அதன்மேல் நன்கு பற்றும். ஆனால் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. தொழிலாளரின் நலங் கருதி, மூன்று இணைதிறன் கொண்ட குரோமியக் கரைசல்கள் அதன் இடத்தைப் பெற்று வருகின்றன.

இவற்றுள் எதைத் தேர்வது? உராய்வைத் தாங்க வேண்டுமாயின் ஆனோடைசிங். பல வண்ணங்கள் வேண்டுமாயின் பவுடர் கோட்டிங். மின்தொடர்பு வேண்டுமாயின் மூன்றாவது.

மாணவர்களே, இச்சோதனையைச் செய்து பாருங்கள். டார்ச்சு மின்கலம் ஒன்றையும் சிறு விளக்கையும் கம்பியால் இணைத்து, இரு முனைகளையும் ஆனோடைசிங் செய்த தகட்டில் மெல்லத் தொடுங்கள். விளக்கு எரியாது. அவ்விரண்டு இடங்களையும் அரத்தால் தேய்த்துத் தொடுங்கள், எரியும்! மின்கருவியின் பெட்டியில் தரையிணைப்புக் கம்பியை அப்படலத்தின்மேல் அப்படியே பொருத்திவிட்டால், மின்கசிவு நேரும்போது பெட்டியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. உலோகத்தைக் காத்த கவசம் மனிதனைக் காக்கத் தவறிவிடும்.

ஆதலின், பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். இப்பொருள் செய்யவேண்டிய பணி என்ன என்று முதலில் கேளுங்கள். கவசத்தைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.